தேயும் ஊசி

ஆனி, ஆடி மாதங்களில் இலஞ்சியில் சாரல் தொடங்கிவிட்டால் என் வீட்டு முன்னறையில் வேலை மிகுந்துவிடும். பழைய இசைத்தட்டுப் பெட்டிகளின் சுருள்வில்லில் துரு ஏறாதிருக்க எண்ணெய் இட வேண்டும். தட்டுகளில் பூஞ்சணம் படியாதிருக்கத் துடைத்து அடுக்க வேண்டும். இருபது ஆண்டுகளில் நான் சேர்த்தவை மூன்று பெட்டிகளே. ஆயினும் மூன்றும் மூன்று விதம்.

1877-ஆம் ஆண்டு எடிசன் அமைத்த கருவியில் ஓர் உருளையின்மேல் ஊசி மேலும் கீழுமாக அசைந்து ஒலியைப் பதித்தது. பின்னர் பெர்லினர் 1887-இல் உரிமம் கோரிய கருவியில் ஊசி பக்கவாட்டில் அசைந்தது. அதுவே தட்டையான தட்டுக்கு வழி செய்தது. எடிசனின் கருவி பதியவும் பாடவும் வல்லது. பெர்லினரின் கிராமபோனோ பாட மட்டுமே வல்லது. ஆனால் ஒரே அச்சிலிருந்து பல்லாயிரம் தட்டுகளை வார்த்தெடுக்க முடிந்தது. அதனாலன்றோ 1933-இல் தம் 27-ஆம் வயதில் மறைந்த செங்கோட்டைக் கிட்டப்பாவின் குரல் இன்றும் நம்மிடையே இருக்கிறது!

என் முதல் பெட்டி அப்பாவுடையது. அதன் குழல் ஊமத்தம்பூப்போல் வெளியே விரிந்திருக்கும். இரண்டாவதில் குழல் மரப்பேழைக்குள் மடிந்து மறைந்திருக்கும். கதவைத் திறந்தால் ஓசை பெருகும், மூடினால் அடங்கும். 1906-இல் அமெரிக்காவில் விக்டர் நிறுவனம் கொண்டுவந்த முறை இது. மூன்றாவது, 1931-இல் வெளிவந்த 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் 102'; கைப்பெட்டிபோல் தூக்கிச் செல்லலாம். எதற்கும் மின்சாரம் வேண்டாம். சாவி கொடுத்தால் போதும்.

மூன்றுக்கும் பொதுவானது எஃகு ஊசி. ஒரு பக்கம் பாடியதும் அதை மாற்றிவிட வேண்டும் என்பது விதி. அப்பாவுக்கு அது வீண்செலவாகப் பட்டது. ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டித் தீட்டிப் பலமுறை பயன்படுத்தினார்.

அம்மா மறைந்தபின் ஒருநாள், அவள் விரும்பிக் கேட்கும் கிட்டப்பாவின் தட்டைச் சுழலவிட்டேன். இரைச்சலே எழுந்தது, பாட்டு எங்கோ மழைக்கு அப்பால் கேட்டது. அப்பாவிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் பதில் ஏதும் சொல்லவில்லை.

காரணத்தைப் பின்னரே அறிந்தேன். தட்டின் அரக்கில் கல்பொடி கலந்திருக்கும். முதற் சில சுற்றுகளிலேயே அது ஊசிமுனையைத் தேய்த்துப் பள்ளத்துக்கு இசைவாக்கிவிடும். ஊசி தேய்வது தட்டைக் காப்பதற்கே. மீண்டும் பயன்படுத்தினால் அதன் தேய்ந்த முனை உளிபோல் பள்ளத்தைச் செதுக்கும்.

அப்பா இரண்டு வேட்டிகளில் ஆண்டைக் கழித்தவர். எங்கள் படிப்புக்காகத் தம்மையே தேய்த்துக்கொண்டவர். அத்தகையவருக்கு ஓர் ஊசியைத் தேயவிட மனம் வரவில்லை. இதை நான் உணர்ந்தபோது, மன்னிப்புக் கேட்க அவர் இல்லை.

ஆண்டுக்கொருமுறை, அம்மாவின் நினைவு நாளில், அந்தத் தட்டைப் புதிய ஊசியிட்டுக் கேட்கிறேன். முடிந்ததும் தேய்ந்த ஊசியை எடுத்து, அப்பாவின் பழைய தகரச் சிமிழில் இட்டு வைக்கிறேன். எறிந்துவிட எனக்கும் மனம் வருவதில்லை.