மறைக்க வேண்டாத செய்தி

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று, இதய அமைப்பில் ஏதேனும் ஒரு குறையுடன் பிறக்கிறது. ஆயிரம் மாணவர் பயிலும் ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். அங்கே அத்தகைய பிள்ளைகள் சிலரேனும் இருக்கக்கூடும். ஆயினும் அவர்களைப் பற்றி நாம் கேள்விப்படுவது அரிது. வீடுகள் அதனை வெளியே பேசுவதில்லை என்பதே காரணம். பேசலாமா, மறைக்கலாமா என்னும் அவ்வினா ஒருகாலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் வந்து அமர்ந்தது.

என் மகள் பிறந்து இரண்டு மாதங்கள் நிறைந்திருந்தன. பால் குடிக்கும்போதெல்லாம் அவள் நெற்றியில் வியர்வை அரும்பும். இரண்டு மிடறு குடித்ததும் களைத்துப்போய் நிறுத்திவிடுவாள். எடையும் ஏறவில்லை. தடுப்பூசி போடச் சென்ற நாளில், அவள் மார்பில் வைத்த கருவியை மருத்துவர் நெடுநேரம் எடுக்கவில்லை. துடிப்போடு வேறோர் இரைச்சலும் கேட்கிறது என்றார். எக்கோ எனப்படும் ஒலியலைப் பரிசோதனை அதனை உறுதிசெய்தது. இதயத்தின் கீழறைகள் இரண்டையும் பிரிக்கும் சுவரில் ஒரு துளை இருந்தது. இடப்புற அறையில் அழுத்தம் மிகுதி. ஆகையால் உடலுக்குச் செல்ல வேண்டிய குருதியில் ஒரு பகுதி, துளை வழியே வலப்புறம் பாய்ந்து மீண்டும் நுரையீரலுக்கே போய்க்கொண்டிருந்தது. “சிறிய துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். இது சற்றுப் பெரிது. எடை கூடட்டும், அறுவை செய்து மூடிவிடலாம்” என்றார் மருத்துவர்.

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டிற்கு அச்செய்தியோடு திரும்பினோம். அன்றும் உலை வைக்க வேண்டியிருந்தது; கொடியில் காய்ந்த துணிகளை மடிக்க வேண்டியிருந்தது. ஆறு வயது மகனுக்கு வீட்டுப்பாடம் இருந்தது. பெருந்துயரம் வந்த நாளிலும் வீட்டு வேலை ஒன்றும் குறைவதில்லை. அவ்வேலைகளே எங்களை நிற்க வைத்தன.

மருத்துவர் வரைந்து காட்டிய படத்தை என் கணவர் மகனின் சிலேட்டில் வரைந்து விளக்கினார். நான்கு அறைகளையும் உற்றுப் பார்த்த மகன், “இந்தக் கதவைச் சாத்த மறந்தது யாரும்மா?” என்று கேட்டான். உறவினர்களும் அதையே வேறு சொற்களில் கேட்டனர். கிரகணத்தன்று வெளியே வந்தாயா? பப்பாளி தின்றாயா? கரு உருவான முதல் எட்டு வாரங்களுக்குள் இதயத்தின் அறைகளும் சுவர்களும் அமைந்துவிடுகின்றன என்றும், பெரும்பாலோர்க்கு இக்குறைக்கு இன்னதுதான் காரணம் என்று சுட்ட இயலாது என்றும் மருத்துவர் முன்பே கூறியிருந்தார். “யாரும் மறக்கவில்லை, கண்ணா” என்றேன் மகனிடம். உறவினர்க்கும் அதுவே என் விடையாயிற்று.

என் மாமியாரின் அச்சம் வேறு வகையானது. “பெண் பிள்ளை. நாளை இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியவள். வெளியே மூச்சு விடாதே, அம்மா” என்றார். “மறைத்தால், வழி தெரிந்தவர்களும் நமக்குச் சொல்ல மாட்டார்களே, அத்தை” என்றேன். அவர் மனம் இசையவில்லை. ஆனால், இரவில் தூளியருகே அமர்ந்து பேத்தியின் மூச்சை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவரும் அவரே. அவர் மறைக்கச் சொன்னதும் அன்பினால்தான்.

நாள்கள் மருந்து வேளைகளால் அளக்கப்பட்டன. நுரையீரலில் நீர் தங்காதிருக்கக் கொடுத்த மருந்தைச் சொட்டுக் கணக்கில் அளந்து புகட்டினோம். கொடுத்த நேரத்தையும் குழந்தையின் எடையையும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணவர் குறித்து வைத்தார். சளி பிடித்தவர்கள் குழந்தையைத் தூக்கக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. ஆசையோடு கை நீட்டுபவரிடம் என்ன காரணம் சொல்வது? ஒரு பொய் சொன்னால், அதனைக் காக்க இன்னொன்று வேண்டியிருந்தது.

ஒரு நாள் மாலை, வாசலில் பூ விற்க வந்த அம்மாள், “பேத்தி ஏன் இப்படி மெலிந்திருக்கிறாள், பெரியம்மா?” என்று கேட்டார். அத்தை சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு யாரிடமும் சொல்லாத அனைத்தையும் அவரிடம் சொன்னார். பூக்கூடையை இறக்கி வைத்த அவ்வம்மாள், தம் தங்கை மகனுக்கும் இதே குறை இருந்ததாகவும், சென்னையில் உள்ள அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு இப்போது அவன் பள்ளிக்குப் போவதாகவும் கூறினார். எந்தக் கிழமை செல்ல வேண்டும், என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதையும் விளக்கினார். நாங்கள் தேடிக்கொண்டிருந்த வழி, நான்கு முழம் பூ அளக்கும் நேரத்தில் கிடைத்தது.

பதினொன்றாம் மாதத்தில், இரவு ரயிலில் எழும்பூர் வந்து சேர்ந்தோம். இதயத்தை நிறுத்திவிட்டு, அதன் பணியை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்து, துளையை மூடினார்கள். 1953இல் அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் அவ்வகை இயந்திரத்தைக் கொண்டு முதன்முதலாக வெற்றி கண்டார். 1954இல் மினசோட்டாவில் வால்டன் லில்லேஹெய் வேறொரு வழியைக் கையாண்டார். குழந்தையின் குருதிக் குழாய்களைத் தந்தையின் குழாய்களோடு இணைத்து, தந்தையின் இதயமே இருவருக்கும் துடிக்குமாறு செய்தார். அம்முறையில் அவர் முதலில் மூடியதும் இதே வகைத் துளைதான். பின்னாளில் இதனைப் படித்தபோது, அறுவைக் கூடத்திற்கு வெளியே கைகளைப் பிசைந்தபடி நின்ற என் கணவர் நினைவுக்கு வந்தார். கேட்டிருந்தால் அவரும் அப்படிப் படுத்திருப்பார்.

இன்று வழிகள் பெருகியுள்ளன. 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றனர். தகுதியுடைய குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணைநிற்கிறது. ஆயினும் அவற்றை நாடுவதற்கு, வீட்டார் முதலில் வாய் திறக்க வேண்டும்.

என் மகள் வளர்ந்தாள், ஓடினாள், சைக்கிள் மிதித்தாள். மார்பின் தழும்பைப் பற்றித் தோழியர் கேட்டபோது, சிலேட்டில் அண்ணன் பார்த்த அதே நான்கு அறைகளை வரைந்து காட்டினாள். திருமணப் பேச்சு வந்த காலத்தில் அத்தை உயிரோடு இல்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் மகள் தானே அனைத்தையும் கூறினாள். முதலில் வந்தவர்கள் மறுமொழி அனுப்பவில்லை. வீட்டில் வருத்தம் இருந்தது. மறைத்திருக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அடுத்து வந்த குடும்பத்துப் பெரியவர், “இப்போது மருத்துவர் என்ன சொல்கிறார், அம்மா?” என்று நேரே அவளிடமே கேட்டார். “நலமாக இருக்கிறேன் என்கிறார், ஐயா” என்றாள் அவள். அதன்பின் பேச்சு அவள் படிப்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும் திரும்பிற்று.