பச்சைப் பென்சில்

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரோடு என் பழக்கமெல்லாம் பக்கெட் அளவில்தான். கல்யாணமான புதிதில், காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த என் மனைவி, "உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டாள். "நான் பி.காம்." என்றேன். பத்து வருஷமாக அவள் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் இந்த ஜோக்தான் பாயசத்துக்கு முன்னால் பரிமாறப்படுகிறது.

அப்பேர்ப்பட்ட நான் போன மே மாத லீவில் குடும்பத்தோடு ஒரு படகில் ஏறினேன். ஊர் எது, ஏரி எது என்று கேட்காதீர்கள். படகுக்காரர் நல்ல மனிதர். அவர் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு இஷ்டமில்லை.

டிக்கெட் கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஃப்ரேமுக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் கச்சிதம். 'பயணிகள்: 30' என்று அதில் எழுதியிருந்தது. படகின் பக்கவாட்டிலும் அதே 30 பெயின்ட்டில். முத்திரையைப் பார்த்தால் காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு நிம்மதி வரும். வந்தது.

உள்ளே போனால், "அட்ஜஸ்ட் பண்ணி உட்காருங்க சார்". லைஃப் ஜாக்கெட்டுகளைப் பெஞ்சுக்கு அடியில் விறகுக் கட்டு மாதிரி சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் உருவிக் கொடுத்தார்கள். என் ஏழு வயது மகளுக்குக் கிடைத்த ஜாக்கெட் அவள் முட்டி வரை இருந்தது. கிளிப் உடைந்திருந்ததால் ஒரு நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டார் படகுக்காரர்.

"சும்மா ஒரு பேருக்குத்தான் சார். இந்த ஏரி இடுப்பளவுதான்."

"யார் இடுப்பு தம்பி?" என்றார் என் மாமனார்.

படகு கிளம்பப் போகிற நேரம். என் மகளுக்கு அப்போது எதையாவது எண்ணிக் கொண்டே இருக்க வேண்டும். இட்லி, லாரி, தாத்தா தலையில் மிச்சமிருக்கும் முடி, எதுவும் தப்பாது. திடீரென்று உரத்த குரலில் சொன்னாள்: "அப்பா, முப்பத்தேழு பேர் இருக்காங்க. வெளியில முப்பதுன்னுதானே போட்டிருக்கு?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பேசாம உட்காரு. அதெல்லாம் அவங்க பார்த்துப்பாங்க" என்று அதட்டினேன்.

ஒன்றும் ஆகவில்லை. கொக்கு பார்த்தோம், போட்டோ எடுத்தோம், கரைக்கு வந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். ராத்திரி லாட்ஜில் தூங்கப் போகும்போது அவள் கேட்டாள்: "அப்பா, அவங்கன்னா யாருப்பா?"

"எவங்க?"

"அவங்க பார்த்துப்பாங்கன்னு சொன்னியே... அவங்க."

அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் போச்சு. காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த 'அவங்க' நானேதான்.

பி.காம். முடித்ததும் சி.ஏ. ஆகிவிடும் ஆசையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிக்கிளாகச் சேர்ந்தேன். (அப்புறம் பரீட்சை என்னைக் கைவிட்டது, நான் பரீட்சையைக் கைவிட்டேன், அது தனிக் கதை.) எனக்குக் கொடுக்கப்பட்ட ஆயுதம் ஒரு பச்சைப் பென்சில். சரிபார்த்த கணக்குக்குப் பக்கத்தில் பச்சையில் ஒரு டிக். ஒரு மார்ச் 31 அன்று வெளியூர் மில் ஒன்றின் கோடௌனில் ஸ்டாக் சரிபார்க்க அனுப்பினார்கள். உச்சி வெயில். கூரை வரை அரிசி மூட்டை. "பின்னாடி வரிசையையும் ஏறிப் பார்த்துடலாமா?" என்று சீனியரைக் கேட்டேன். அவர் வாட்சைப் பார்த்தார்.

"டேய், மூட்டை மூட்டையா கண்ணு முன்னாடி நிக்குது. அஞ்சரைக்கு ட்ரெயின். டிக் போடு."

போட்டேன். மூன்று மாதம் கழித்து பேங்க்காரர்கள் வந்து மூட்டைகளை இறக்கியபோது பின் வரிசைகளில் இருந்தது உமி. மில்லின் கணக்கப்பிள்ளைக்கு வேலை போயிற்று. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்ய வேண்டியவர். டிக் போட்ட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் புதுப் பென்சில் கொடுத்தார்கள்.

ஊர் திரும்பியதும், கப்பல்களை யார் பரிசோதிக்கிறார்கள், எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். அப்படிக் கண்ணில் பட்டதுதான் 'ஜெனரல் ஸ்லோகம்'.

அது நியூயார்க்கில் ஓடிய நீராவிக் கப்பல். 1904 ஜூன் 15, புதன்கிழமை. ஒரு ஜெர்மன் சர்ச்சின் வருடாந்திரப் பிக்னிக்குக்காகச் சுமார் 1,350 பேர் ஏறினார்கள். வேலை நாள் என்பதால் அப்பாக்கள் ஆபீசுக்கும் கடைக்கும் போய்விட, வந்ததெல்லாம் பெரும்பாலும் அம்மாக்களும் குழந்தைகளும். கிழக்கு ஆற்றில் போகும்போது முன்பக்கம் விளக்குச் சாமான் வைக்கும் அறையில் தீ. தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள். மக்கிப் போன ஹோஸ் வெடித்துக் கிழிந்தது. உயிர்காப்புப் படகுகளை இறக்கப் பார்த்தார்கள். கம்பியும் பெயின்ட்டும் சேர்ந்து அவற்றை இருந்த இடத்திலேயே பிடித்து வைத்திருந்தன. சிப்பந்திகளுக்குத் தீயணைப்புப் பயிற்சியே தரப்படவில்லை.

லைஃப் ஜாக்கெட் கதை இன்னும் கொடுமை. கப்பல் கட்டிய 1891-லிருந்து 13 வருஷமாக வெயிலிலும் மழையிலும் தொங்கியவை அவை. உள்ளே இருந்த கார்க் தூளாகியிருந்தது. தாய்மார்கள் நம்பிக்கையோடு குழந்தைகளுக்குக் கட்டி ஆற்றில் இறக்கினார்கள். குழந்தைகள் மிதக்கவில்லை. மொத்தம் 1,021 பேர் இறந்தார்கள். பிறகு நடந்த விசாரணையின்போது இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் ஆறு பவுண்டு கார்க் இருக்க வேண்டும் என்பது சட்டம். கார்க் விலை அதிகம். எடை காட்டுவதற்காக ஒரு கம்பெனி உள்ளே இரும்புத் துண்டுகளை வைத்துத் தைத்திருந்தது. தராசில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி!

இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கோடௌனின் உமி வாசனையே வந்துவிட்டது.

தீ விபத்துக்குச் சுமார் ஆறு வாரம் முன்னால்தான் அரசாங்க இன்ஸ்பெக்டர் அந்தக் கப்பலைச் சோதித்து 'நல்ல நிலையில் உள்ளது' என்று சான்றிதழ் தந்திருந்தார். கேப்டனுக்குப் பத்து வருஷத் தண்டனை கிடைத்தது. இன்ஸ்பெக்டர் மீதும் வழக்கு நடந்தது. ஜூரிகள் ஒரு முடிவுக்கு வராததால் அவருக்குத் தண்டனை இல்லை. அவருக்கும் யாராவது புதுப் பென்சில் கொடுத்தார்களா தெரியவில்லை.

சரி, அங்கே டிக் பொய். டிக் உண்மையாகவே இருந்தால் பிழைத்துக் கொள்வோமா? அதற்கு டைட்டானிக் இருக்கிறது.

சினிமா பார்த்து அழுத நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம், சட்டம் கேட்டதை விட அதிகமான உயிர்காப்புப் படகுகளோடுதான் டைட்டானிக் கிளம்பியது. பிரிட்டிஷ் விதி கப்பலின் டன் கணக்கைப் பார்த்துப் படகு எண்ணிக்கையைச் சொன்னது, நம் இன்கம் டாக்ஸ் ஸ்லாப் மாதிரி. கடைசி ஸ்லாப் '10,000 டன்னும் அதற்கு மேலும்'. அதற்குப் 16 படகு. டைட்டானிக் 46,000 டன்னுக்கு மேல். கப்பல் வளர்ந்துவிட்டது, ஸ்லாப் வளரவில்லை. டைட்டானிக்கில் இருந்தது 20 படகு. அவற்றில் 1,178 பேருக்கு இடம். கப்பலில் இருந்ததோ சுமார் 2,200 பேர். 1912 ஏப்ரலில் அது கிளம்பிய அன்று காலை, பரிசோதனை அதிகாரி முன்னால் இரண்டே இரண்டு படகுகளை இறக்கி ஏற்றிக் காட்டினார்கள். எல்லாம் விதிப்படி. ஐந்தாம் நாள் விடியுமுன் சுமார் 1,500 பேர் இறந்தார்கள்.

அதற்கப்புறம்தான் உலக நாடுகள் லண்டனில் கூடி, 1914-ல் 'சோலாஸ்' என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தை எழுதின. பல முறை மாற்றி எழுதப்பட்டு, இப்போது அமலில் இருப்பது 1974-ன் ஒப்பந்தம், அதன் திருத்தங்களோடு. பன்னிரண்டு பேருக்கு மேல் பயணிகளை ஏற்றினால் அது பயணிகள் கப்பல். சர்வதேசப் பயணம் போகும் பயணிகள் கப்பலுக்கான பாதுகாப்புச் சான்றிதழ் அதிகபட்சம் 12 மாதம்தான் செல்லும். வருஷா வருஷம் முழுப் பரிசோதனை: கப்பல் உடல், இயந்திரம், தீயணைப்பு, படகு, ரேடியோ. ஐந்து வருஷத்துக்குள் குறைந்தது இரண்டு முறையாவது கப்பலைத் தண்ணீருக்கு வெளியே கொண்டுவந்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். வாரா வாரம் சிப்பந்திகளுக்குத் தீயணைப்புப் பயிற்சி, கப்பலைக் கைவிடும் பயிற்சி. குழந்தைகளுக்கென்று தனி அளவில் லைஃப் ஜாக்கெட். மொத்தப் பயணிகளில் பத்து சதவிகிதத்துக்குக் குறையாமல். நைலான் கயிறு பற்றி அதில் எதுவும் சொல்லவில்லை.

இவ்வளவு இருந்தும் 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. கப்பலில் 4,200-க்கும் அதிகமானவர்கள். 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம்தான் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு, ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்றே இன்னும் சொல்லியிருக்கவில்லை. அதுவும் விதிப்படிதான். ஏறிய 24 மணி நேரத்துக்குள் சொன்னால் போதும் என்றது விதி. பாறை மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. 2015 முதல் விதி மாறியது: கிளம்புவதற்கு முன்னாலோ, கிளம்பிய உடனேயோ சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2009 செப்டம்பர் 30, தேக்கடி, 45 பேர். 2023 மே 7, கேரளாவின் தானூர், 22 பேர். இரண்டும் கடல் இல்லை. லீவுக்கு வந்த குடும்பங்கள் ஏறிய உல்லாசப் படகுகள். நம் நாட்டில் கடல் கப்பல்களுக்கு ஒரு சட்டம், ஆறு ஏரிப் படகுகளுக்கு ஒரு சட்டம். 1917-ல் எழுதிய பழைய உள்நாட்டுப் படகுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-ல் புதிதாகவே கொண்டு வந்தார்கள். பரிசோதனை, பதிவு, சான்றிதழ் எல்லாம் அதில் உண்டு.

எங்கள் ஆடிட்டர் அடிக்கடி ஒரு பழைய ஆங்கிலேயத் தீர்ப்பைச் சொல்வார். ஆடிட்டர் என்பவர் காவல் நாய்தானே ஒழிய வேட்டை நாய் இல்லை என்று. நியாயம்தான். கப்பல் இன்ஸ்பெக்டரும் அப்படியே. வருஷத்தில் சில நாள் வருகிறார். அன்றைக்கு முப்பது ஜாக்கெட், முப்பது பேர். மிச்ச நாளெல்லாம் படகில் இருப்பவர்கள் படகுக்காரரும் நாமும்தான். முப்பத்தி ஒன்றாவது ஆளாக ஏறும்போது அந்த ஃப்ரேமுக்குள் இருக்கும் முத்திரை பாவம், என்ன செய்யும்? என் மகளின் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் நேர்மையான பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: 'அவங்கன்னு யாரும் இல்லைம்மா. படகுல நாமதான் இருந்தோம்.'

இந்தப் பொங்கல் லீவில் வேறொரு ஊர், வேறொரு படகு. இதில் எழுதியிருந்தது 24. ஏறி உட்கார்ந்ததும் மகள் என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. போன தடவை வாங்கிய அதட்டல் ஞாபகம். அது எனக்கு என்னவோ செய்தது.

"எண்ணும்மா" என்றேன்.

"இருபத்தெட்டுப்பா."

எழுந்து படகுக்காரரிடம் சொன்னேன். "நாலு பேர்தானே சார், பரவாயில்ல" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "பெரிய கேப்டன்! பயமா இருந்தா இறங்க வேண்டியதுதானே?" என்றார். நியாயமான யோசனை. நான், மனைவி, மகள், மாமனார் ஆக நாலு பேர் இறங்கினோம். கணக்கு நேரானது. அவர் கிளப்பிக் கொண்டு போய்விட்டார்.

அடுத்த படகுக்கு நாற்பது நிமிஷம். வெயில். மனைவி ஒன்றும் பேசாமல் நிலக்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். மாமனார் மட்டும், "மாப்ளே, நீச்சல் கத்துக்கிட்டா இவ்வளவு சிரமம் வேண்டாமே" என்றார். அதுவும் நியாயம்தான். அடுத்த மாதம் சேர்வதாக இருக்கிறேன்.

அடுத்த படகு வந்தது. மகள் கடைசியில் ஏறி, ஒவ்வொரு பெஞ்சாக விரல் நீட்டி எண்ணினாள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பாட்டி மட்டும், "என்னையும் சேர்த்துக்கிட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

"சேர்த்துட்டேன் பாட்டி. இருபத்து மூணு. இன்னும் ஒருத்தர் வரலாம்."

உங்கள் ஆபீஸ் சுவரில் சிவப்பு சிலிண்டர் ஒன்று தொங்கும். அதன் கழுத்தில் ஓர் அட்டை இருக்கும். திங்கட்கிழமை டீக்குப் போகும் வழியில் அதைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். கடைசி கையெழுத்து யாருடையது என்று தெரிந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுடையதாகவே இருந்தால்... நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.