ஓய்வு பெறும் நாள்

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவனுக்கு ஒரு நிம்மதி உண்டு. எப்பொழுது ஓய்வு பெறுவது என்று அவன் சிந்திக்க வேண்டியதில்லை. 1998ஆம் ஆண்டில் 58 என்பது 60 ஆக உயர்ந்தது. அந்த வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் மாலையிட்டு அனுப்பிவிடுவார்கள். விளையாட்டுக் குழுவை நடத்தும் முதியவருக்கோ அத்தகைய விதி இல்லை. நாளை அவரே குறிக்க வேண்டும். தவறினால் பிறர் குறிப்பர்.

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்துக் கழகத்தை 1959 முதல் நடத்திய பில் ஷாங்க்லி, இரண்டாம் பிரிவில் கிடந்த அதனை மேலேற்றி, முதற்பிரிவில் மும்முறை வாகை சூடச் செய்தார். 1974இல், நம் அலுவலக விதியை அறிந்தவர் போல, 60 வயதில் விலகினார். ஆனால் மனம் விலகவில்லை. பயிற்சித் திடலுக்கு வரலானார். ஆட்டக்காரர்கள் பழைய வழக்கப்படி அவரையே தலைவர் என்று அழைத்தனர். பொறுப்பேற்றிருந்த பாப் பெய்ஸ்லிக்கு இது சங்கடமாயிற்று. அந்தப் பெய்ஸ்லியே பின்னர் 1977, 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். ஷாங்க்லிக்குக் கிட்டாத கோப்பை அது.

மாஞ்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் அலெக்ஸ் ஃபெர்குசனும் 60 வயதில் விலகுவதாகவே அறிவித்திருந்தார். 2002 பிப்ரவரியில் முடிவை மாற்றிக்கொண்டார். அதன்பின் ஆறு லீக் பட்டங்களும் 2008இல் ஐரோப்பியக் கோப்பையும் வென்று, 2013இல் 71 வயதில், பட்டம் வென்ற கையோடு விடைபெற்றார். ஆகவே வயது அளவுகோல் அன்று. பின் எதுதான் அளவுகோல்?

விடை எனக்குச் சென்ற மார்கழியில் கிடைத்தது. நம் சங்கத்துச் சிறுவர்களின் கால்பந்துக் குழுவைப் பதினேழு ஆண்டுகளாக நான் கவனித்து வந்தேன் என்பதை அன்பர்கள் அறிவர். என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன் எனக்குத் துணையாக இருந்தான். ஓர் ஆட்டத்தன்று நான் அலுவல் நிமித்தம் வெளியூர் செல்ல நேர்ந்தது. இரவு அவன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, ஜெயிச்சுட்டோம்!" என்றான். என் நெஞ்சில் முதலில் எழுந்தது மகிழ்ச்சி அன்று. நான் இல்லாமலா என்ற ஒரு சிறு வலி.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குழு வெல்ல வேண்டும் என்பதற்காகவே தில்லிக் குளிரில் ஞாயிறுதோறும் எழுந்து ஓடினேன் என்று எண்ணியிருந்தேன். அது முழு உண்மை அன்று என்பது புலப்பட்டது. தான் இல்லாத வெற்றி ஒருவனுக்குக் கசக்கத் தொடங்கும் நாளே அவன் ஓய்வு பெறும் நாள்.

பொங்கலன்று விசிலையும் பந்துப் பெட்டியின் சாவியையும் அவனிடம் ஒப்படைத்தேன். "ஞாயித்துக்கிழமை வாங்க மாமா" என்றான். ஷாங்க்லியை நினைத்துக்கொண்டு, "ஆட்டம் பார்க்க மட்டும் வருகிறேன்" என்றேன். இதுவரை ஒரு முறைதான் சென்றேன். கோட்டுக்கு வெளியே, பெற்றோர்களோடு நின்றேன். வாய் திறக்காமல் நிற்பதுதான் கடினமாக இருந்தது.