இராவணன் பேரில் ஒரு பெட்டி

கம்பனைப் பாடம் நடத்துகிறவனுக்கு இராவணனிடமிருந்து விடுமுறை கிடையாது. இருபது ஆண்டுகளாக மதுரையில் அதுதான் என் பிழைப்பு.

2019 ஜூலையில் ஒரு பிற்பகல். முதுகலை வகுப்பில் ஆரணிய காண்டம். சீதையைத் தீண்டாமல், பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்துத் தேரில் வைத்து இராவணன் வான்வழி போகிற இடம். உண்ட மயக்கத்தில் வகுப்பு சரிந்துகொண்டிருந்தது. எழுப்புவதற்காக, இலங்கை அரசு தன் செயற்கைக்கோளுக்கு 'இராவணா-1' என்று பெயரிட்டிருக்கும் செய்தியைச் சொன்னேன். "எடை ஏறத்தாழ ஒரு கிலோ. நம் கடையில் கட்டித் தருகிற மிட்டாய்ப் பெட்டி அளவு. அதையும் ஜப்பானில் செய்து, அமெரிக்க ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். புட்பக விமானம் வைத்திருந்தவனுக்கு வந்த கதியைப் பாருங்கள்" என்றேன். வகுப்பு சிரித்தது. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை.

மணி அடித்த பின் வந்து நின்றாள். "ஐயா, அந்தச் செய்தியை எங்கம்மா கத்தரித்து டிரங்குப் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்" என்றாள். குரலில் கோபம் இல்லை. தகவல் சொல்வது போலத்தான் சொன்னாள்.

மதுரையைச் சுற்றியுள்ள அகதிகள் முகாம்களுள் ஒன்றிலிருந்து வருபவள் என்பது எனக்குத் தெரியும். பெற்றோர் திருகோணமலைக்காரர்கள், 1990இல் படகேறியவர்கள். இவள் பிறந்தது இங்கே. இந்தியாவில் பிறந்தவள், ஆனால் இந்தியக் குடிமகள் அல்லள். இலங்கைக்குரியவள், ஆனால் இலங்கையைக் கண்டதில்லை.

அன்றிரவுதான் அந்தப் பெட்டியைப் பற்றி உருப்படியாகப் படித்தேன் (சிரிக்க வைப்பதற்கு முன்பே படித்திருக்க வேண்டும்). ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனம் நடத்திய 'பேர்ட்ஸ்' திட்டம் அது. சொந்த ராக்கெட்டோ ஏவுதளமோ இல்லாத நாடுகள் தங்கள் பொறியாளர்களை அங்கே மாணவர்களாக அனுப்பும். அவர்கள் தங்கள் கையாலேயே ஒரு சிறு கோளை வடிவமைத்து, கட்டி, சோதித்து, இயக்கக் கற்றுக்கொள்வார்கள். 2017இல் கானாவும் மங்கோலியாவும் வங்கதேசமும் தத்தம் முதல் கோளை இவ்வாறே பெற்றன, 2018இல் பூட்டான். 2019இல் நேபாளமும் இலங்கையும். மொறட்டுவையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகத்தின் பொறியாளர் இருவர் இதற்காகச் சென்றார்கள். புவிநிலைச் சுற்றுப்பாதையில் தொடர்புக் கோள்களை நிறுத்தலாம் என்று 1945இலேயே எழுதியவர் கிளார்க். 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையிலேயே வாழ்ந்தவர். அவர் பெயரிலான நிறுவகத்துக்கு ஒரு கிலோப் பெட்டி கிடைக்க இத்தனை காலம்.

ஆக, சிறிய நாடு இதில் போடும் பணம் பெட்டிக்காக அன்று. கற்றுத் திரும்பும் இரண்டு பேருக்காக. பெட்டி ஓரிரு ஆண்டில் காற்றில் எரிந்துவிடும். பட்டினி நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று நம்மையும் கேட்டவர்கள் உண்டு. 1975இல் நம் ஆரியபட்டா சோவியத் ராக்கெட்டில்தான் போனது. அன்று எவனோ ஒரு வாத்தியார் மாஸ்கோவில் நம்மை வைத்து வகுப்பைச் சிரிக்க வைத்திருப்பான்.

தேதிகளைப் பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. இராவணா-1 அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து புறப்பட்டது 2019 ஏப்ரல் 17. இரண்டு நாளில் விண்வெளி நிலையத்தை அடைந்தது. 21ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. ஜூன் 17இல் வெளியே விடப்படும்வரை அந்தப் பெட்டி மேலே காத்திருந்தது. கீழே ஒரு நாடு யார் நம்மவர், யார் அன்னியர் என்று மறுபடியும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது.

பெயரிலும் அதே கணக்கு. இராவணன் சிங்கள அரசன் என்போர் அங்கே பலர். 2020இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரசபை, இராவணனின் வான்பயணம் பற்றிய நூல்களும் ஆவணங்களும் வைத்திருப்போர் தந்து உதவுமாறு விளம்பரமே கொடுத்தது. நாமும் சளைத்தவர்கள் அல்லர். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது, 1948இல் தடை செய்யப்பட்டது, 1971இல் தடை நீங்கியது. ஞானசம்பந்தரோ தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் பெரும்பாலும் இராவணனை நினைக்காமல் விடுவதில்லை. திருக்கோணமலையையும் அவர் பாடியிருக்கிறார். அந்தக் கோயில் பாறையின் பிளவை 'இராவணன் வெட்டு' என்கிறார்கள். தாய்க்கு நீர்க்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்று கன்னியா வெந்நீரூற்றுகளைச் சொல்வார்கள்.

டிரங்குப் பெட்டி விஷயம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தாய் ஒட்டி வைத்தது இலங்கை அரசின் சாதனையை அல்ல. தன் ஊர்ப் பாறையின் பெயர் வானத்தில் போகிறது என்பதைத்தான்.

சில நாள் கழித்து அவளே கேட்டாள். "ஐயா, அது பொதுப்பணம்தானே? அந்தப் பொதுவில் நாங்கள் உண்டா?" இலங்கையின் பொதுவா, இந்தியாவின் பொதுவா என்று அவள் பிரித்துச் சொல்லவில்லை. 2017இல் நாம் ஏவிய தெற்காசியச் செயற்கைக்கோளில் இலங்கைக்கும் பங்கு உண்டு என்று சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்டது அதுவல்ல என்று பாதியில் தெரிந்து நிறுத்திக்கொண்டேன். அந்த டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது; மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைப் பற்றிய அதில் இலங்கை இல்லை. 2022இல் அந்நாடு கடனைத் திருப்பித் தர முடியாமல் நின்றபோது தனுஷ்கோடிக்கு மறுபடியும் படகுகள் வந்தன. அந்தக் கடனுக்கு இராவணா-1 காரணமல்ல. அது சின்னச் செலவு. இருந்தாலும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

ஒத்தக்கடையில் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து யானைமலை நன்றாகத் தெரியும். சில மாலைகளில் விண்வெளி நிலையம் அதற்கு மேலே ஒளிப்புள்ளியாகப் போகும். இராவணா-1 கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆயினும் அதே வேகம்தான். மதுரைக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட தொலைவை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும் வேகம். இதை வகுப்பில் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொன்னேன்.

"எப்போது விழும், ஐயா?"

"ஓரிரு வருடத்தில்."

"எங்கே?"

"எங்கேயும் இல்லையம்மா. தரைக்கு வருமுன் எரிந்துவிடும்."

"அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டாம்" என்றாள்.