கல் கொடுத்த ஊர்

செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் புகைவண்டிப் பாதையில், வாலாசாபாத்திற்கு முந்திய சிறு நிலையம் பழையசீவரம். ஒருபுறம் குன்று, மறுபுறம் பாலாறு. சாதாரண நாள்களில் இங்கே இறங்குவோர் மிகச் சிலரே. 2017ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கலன்று நாம் சென்றபோதோ ஊர் கொள்ளாத கூட்டம்!

காரணத்தை வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். காஞ்சி வரதராசப் பெருமாள் கோவிலின் பழைய திருவுருவம் அத்தி மரத்தாலானது. அது திருக்குளத்து நீருள் வைக்கப்பெற்று, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறையே வெளிவருகிறது. 1979இலும் 2019இலும் நாட்டையே திரட்டிய அவ்விழா பலர் நினைவிலிருக்கும். கருவறையில் இன்று வழிபடப்பெறுவது கற்சிலை. அது பழையசீவரத்திலிருந்து சென்றது என்பது வழிவழி வந்த செய்தி. அந்த உறவை மறவாமல், ஆண்டுதோறும் பொங்கல் இரவில் வரதர் காஞ்சியிலிருந்து புறப்படுகிறார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வழியிலுள்ள ஊர்களில் நின்று நின்று, மறுநாள் இக்குன்றின் மேலுள்ள மண்டபத்திற்கு எழுந்தருளுகிறார். பார்வேட்டை என்று இதற்குப் பெயர். நாம் கண்டதோ விருந்து. பிறந்தகத்திற்கு வந்த பெண்ணை எதிர்கொள்வதுபோல் வாசல்தோறும் கோலமிட்டுக் காத்திருந்தனர்.

தலைக்கோவில் திருவிழாவிற்குச் சிற்றூர் மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவதையே நாம் அறிவோம். தலைக்கோவில் சிற்றூரைத் தேடிப் போவதை அரிதாகவே கண்டிருக்கிறோம். (பங்குக் குருவாகிய நாம் இதனை நமக்கே சொல்லிக்கொள்கிறோம்.)

நம் அருகே நின்ற முதிய விவசாயி ஒருவர் குன்றை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "சாமி, எங்க ஊருலேருந்து போனதுல, வருசா வருசம் திரும்பி வந்து பாத்துட்டுப் போறது இவரு ஒருத்தருதான்."

அவ்வளவில் நிறுத்தாமல் நம்மை ஆற்றுக்குள் அழைத்துச் சென்றார். முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்த காலம் அது. கருநாடகத்து நந்தி மலையில் தோன்றி 348 கிலோமீட்டர் ஓடிவரும் பாலாறு, பெரும்பாலும் மணலுக்கடியில் ஓடுகிற ஆறு. மேலே நீர் இல்லாத மாதங்களிலும் மணல் தன் வயிற்றில் நீரைத் தேக்கி வைத்திருக்கும். அதனை அறிந்த முன்னோர், ஆற்றுப் படுகையிலேயே ஊற்றுக்கால் வெட்டி வயல்களுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் பட்டணத்தில் மாடிகள் உயர உயர, லாரி லாரியாக மணல் போயிற்று. படுகைக் கிணறுகளிலிருந்து தாம்பரம், பல்லாவரம் முதலிய நகர்ப்புறங்களுக்குக் குடிநீரும் போயிற்று. பட்டணத்து மக்களும் தாகத்துக்குத்தான் குடிக்கிறார்கள். அதில் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் கொடுத்த ஊர் எது என்று குழாயைத் திறக்கும்போது எத்தனை பேர் நினைக்கிறோம்?

முதியவர் கையால் மணலைத் தோண்டினார். "என் சின்ன வயசுல ஒரு முழம் தோண்டினா ஊறும்" என்றார். ஒரு முழத்திற்கு மேல் தோண்டியும் ஈரமே தட்டுப்பட்டது.

மாலையில் வரதர் குன்றிறங்கி, இவ்வூர் இலட்சுமி நரசிம்மரோடு எதிர்க்கரைத் திருமுக்கூடலுக்குச் சென்றார். நாமும் கூட்டத்தோடு சென்றோம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடமாதலால் அவ்வூருக்கு அப்பெயர். காவாந்தண்டலம், சாலவாக்கம் பெருமாள்களும் வந்து சேர, அங்குள்ள அப்பன் வேங்கடேசரோடு ஐவராயினர்.

நம்மைக் கட்டிப்போட்டது அக்கோவிலின் சுவர். 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அது ஒரு மருத்துவமனையின் கணக்கேடு! வீரசோழன் என்பது ஆதுலர் சாலையின் பெயர். 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மருந்துக்கு வேண்டியவற்றைக் கொணர ஆள்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் ஊதியம் குறிக்கப்பெற்றுள்ளது. கடுக்காய் சேர்ந்த மருந்துகள், தைலங்கள், நெய்கள் முதலியன பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கின்றன. இரவில் எரிய விளக்குக்கு எண்ணெயும் உண்டு. உடனிருந்த வேதபாடசாலை மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்குக் கூட ஏற்பாடு செய்திருக்கிறார்கள்! தாயுள்ளம் படைத்த யாரோதான் அந்த வரியைச் சேர்த்திருக்க வேண்டும். அதே வட்டாரத்து உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். இந்த 15 படுக்கைகளை அறிந்தவர் சிலரே. அன்று திரண்டிருந்த ஆயிரக்கணக்கானோரில் அச்சுவரை ஏறிட்டுப் பார்த்தவர் எவரையும் நாம் காணவில்லை. எவரோ அதன்மேல் முதுகைச் சாய்த்துப் புளியோதரை உண்டுகொண்டிருந்தார்.

பின்னர்ப் பழையசீவரத்தருகே பாலாற்றின் குறுக்கே தடுப்பணை எழுந்தது. 2021 நவம்பரில் பெருவெள்ளமும் வந்தது. அதற்கடுத்த பொங்கல்களில் ஒன்றுக்கு மீண்டும் சென்றோம். முதியவர் கரையோரம் நின்றிருந்தார். சற்றே தளர்ந்திருந்தார், ஆனால் நம்மை மறக்கவில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் நீர்.

"பாத்தீங்களா சாமி, போனதுல இன்னொண்ணும் திரும்பி வந்திருக்கு" என்றார்.

"மணல்?" என்று கேட்டோம்.

அவர் சிரித்துவிட்டு, மேளம் கேட்ட திசையில் நடக்கத் தொடங்கினார்.