நாம் பார்த்த இறுதிப்போட்டி

கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தைப் பார்ப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஒரு முடிவு எடுத்திருந்தோம். டிசம்பர் 18 அன்று இரவு எட்டரை மணிக்குத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தபோது அந்த முடிவு எங்கே போயிற்று என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மெஸ்ஸியின்மேல் பழியைப் போட்டிருப்போம். அர்ஜென்டினாவின் இரண்டு கோல் முன்னிலையை 80, 81 ஆம் நிமிடங்களில் எம்பாப்பே இல்லாமல் ஆக்கியபோது எழுந்து நின்றோம். கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் கோலோ முவானி உதைத்த பந்தை மார்ட்டினெஸ் காலை நீட்டித் தடுத்தபோது கத்தியேவிட்டோம். இறந்துபோன தொழிலாளர்களை ஒருமுறைகூட நினைக்கவில்லை. இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

2010இல் கத்தாருக்குப் போட்டி வழங்கப்பட்ட பிறகான பத்தாண்டுகளில், ஐந்து தெற்காசிய நாடுகளிலிருந்து பிழைக்கப் போனவர்களுள் 6,500க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்ததாக 2021இல் கார்டியன் நாளிதழ் எழுதியது. (அனைவரும் மைதானங்களில் இறந்தவர்கள் அல்லர். இத்தொகையை மேடைகளில் முழங்குவோர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.) மைதானப் பணியில் நேர்ந்த விபத்து மரணம் மூன்றுதான் என்றனர் போட்டி அமைப்பாளர்கள். நம்மை உறுத்துவது எண்ணிக்கை அன்று. திடகாத்திரமான இளைஞர்கள் பலருடைய இறப்புக்கு ‘இயற்கைக் காரணம்’ என்று எழுதி, உடற்கூறாய்வும் செய்யாமல் பெட்டியில் அனுப்பிவிட்டார்கள். வெயில் கொன்றவர் எத்தனை பேர் என்பதை இனி எவரும் கணக்கிட இயலாது. ஆட்டக்காரர்களுக்கு ஆகாத வெயில் என்பதால்தான் ஜூன், ஜூலையில் நடக்கவேண்டிய போட்டி நவம்பருக்குத் தள்ளிப்போடப்பட்டது.

2025இல், நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் மாற்றுச் சான்றிதழை வாங்க அவளுடைய தந்தை கல்லூரிக்கு வந்திருந்தார். இராமநாதபுரம் பக்கத்தவர், கத்தாரில் ஏழாண்டு கம்பி கட்டியவர். சற்றே இரக்கம் தோய்ந்த குரலில் அங்கத்திய நிலைமையை விசாரித்தோம். அவர் அந்த இரக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை.

“ஃபைனல் பாத்தீங்களா சார்? லுசைல் ஸ்டேடியத்துல கேலரிக்குக் கீழ நிக்கிற தூணுல நாங்க கம்பி கட்டுனது இருக்கு. டிவில அதக் காட்டவே இல்ல.”

உள்ளே அமர்ந்து ஓர் ஆட்டமும் பார்த்தவரல்லர். ஊர் திரும்பியபின் மைத்துனரின் கைப்பேசியில் பார்த்தாராம். ஏஜென்டுக்காக வாங்கிய கடனை அடைக்கவே முதல் ஒன்றரை ஆண்டுச் சம்பளம் போயிற்று என்பதையும் அதே முகத்தோடு சொன்னார். நாம் பார்க்காமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு ரியால்கூடக் கூடியிராது. நம் மனச்சாட்சி மட்டும் சலவை செய்யப்பட்டிருக்கும்.

அதற்காக அவருடைய பெருமிதத்தை ஃபிஃபாவுக்கு நற்சான்றாக எழுதிக்கொடுத்துவிட முடியாது. தொடக்கவிழாவுக்கு முந்தைய நாள், இன்று தன்னையும் ஒரு புலம்பெயர் தொழிலாளியாக உணர்வதாகச் சொன்னார் அதன் தலைவர் இன்ஃபான்டினோ. அணிகளுக்கான பரிசுத்தொகை 44 கோடி டாலர். அதே அளவு தொகையைத் தொழிலாளர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும் இழப்பீடாக ஒதுக்குமாறு மனித உரிமை அமைப்புகள் கேட்டன. ஒதுக்கவில்லை.

ஆனால், முதலாளியின் அனுமதியின்றி வேலை மாறலாம் என்னும் சட்டம் 2020இல் வந்ததும், மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலி 2021இல் நடைமுறைக்கு வந்ததும் உலகத்தின் கண்கள் அங்கே பதிந்திருந்ததால்தான். வேடிக்கை பார்ப்பதற்கும் அவ்வளவு வலிமை இருந்திருக்கிறது. மெஸ்ஸி கோப்பையைத் தூக்கிய இரவோடு நாம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டோம். கத்தாரைப் பற்றி அதன்பின் ஒரு செய்திகூடத் தேடிப் படிக்கவில்லை, அந்த மனிதர் வந்து எதிரே அமரும்வரை.

2034 ஆம் ஆண்டுப் போட்டியைச் சவூதி அரேபியாவுக்கு 2024 டிசம்பரில் வழங்கிவிட்டார்கள். வேறெந்த நாடும் போட்டிக்கு நிற்கவில்லை. விடைபெறும்போது, மகனுக்கு ரியாத்துக்கு விசா வந்திருப்பதாகச் சொன்னார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டோம். ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைச் சொன்னார்.