70 மைல் வேகமும் கப்பலேறிய மானமும்

ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால்ல மூணு பந்தையும் கோட்டை விட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆன ஆளை நீங்க பாத்திருக்கீங்களா? பாத்ததில்லைன்னா கவலைப்படாதீங்க. அவர் எழுதின பதிவைத்தான் இப்ப படிச்சிட்டு இருக்கீங்க. :-)

இந்த ஸ்லோ பிட்ச்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பேஸ்பாலோட சாதுவான தம்பி. பந்து பெருசு. கைக்கு அடியில இருந்து, ஆளுயரத்துக்கு மேல வளைஞ்சு வர்ற மாதிரி தூக்கிப் போடுவாங்க. எங்க ஆபிஸ் டீம்ல 58 வயசுக்காரர் ஒருத்தர் காபி கப்பைக் கீழ வெச்சிட்டு வந்து அடிச்சிட்டு, மறுபடி கப்பை எடுத்துக்கிட்டுப் போவார். அதுல அவுட் ஆகுறது, கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்துட்டு பட்டினியா எழுந்து வர்ற மாதிரி.

இத்தனைக்கும் ஒரு மாசம் பயிற்சி எடுத்துட்டுப் போனவன் நான். ஒஹாயோவுக்கு ஆன்சைட் வந்த புதுசு. ஆபிஸ்ல யாரும் சகஜமா பேசல. டீம்ல சேர்ந்தா நாலு பேர் பழக்கம் ஆவாங்களேன்னு ஆசை. நாமதான் தெருவுல டென்னிஸ் பால்ல ஆடினவங்களாச்சேன்னு ஒரு மிதப்பு வேற. வீட்டுப் பக்கத்துல இருந்த பேட்டிங் கேஜுக்கு தினம் சாயங்காலம் போனேன். வலை கட்டின கூண்டு. டோக்கன் போட்டா மெஷின் இருபது பந்து வீசும். ஒவ்வொரு கூண்டுலயும் வேகம் எழுதியிருக்கும்: 40, 50, 60, 70 மைல். நம்ம கௌரவம் என்ன ஆவறது? நேரா 70-க்குப் போனேன்.

முதல் நாள் ஒண்ணு கூடப் படல. ரெண்டாம் நாள் பட்டுச்சு, ஆனா மட்டையோட நுனியில. உள்ளங்கையில கரண்ட் பாஞ்ச மாதிரி இருந்துச்சு. நாலாவது வாரம் இருபதுக்குப் பதினஞ்சு அடிச்சேன். பின்னாடி நின்ன சின்னப் பையன் ஒருத்தன் கை தட்டினான். ஊருக்கு போன் போட்டு அம்மாகிட்ட சொன்னேன். "பந்து மேல பட்டுடாம பாத்துக்கடா"ன்னாங்க.

அப்புறம் அந்த மேட்ச். பந்து மேல போயி, யோசிச்சு, நிதானமா கீழ இறங்குது. அது பாதி வழி வர்றதுக்குள்ள நான் மட்டையைச் சுத்தி முடிச்சிட்டேன். மூணு தடவையும்.

காபி கப் பெரியவர்தான் பக்கத்துல வந்தார். பல வருஷம் சின்னப் பசங்களுக்கு பேஸ்பால் கோச்சா இருந்தவராம். "கூண்டுல நீ அடிச்சது பந்தை இல்லப்பா, கடிகாரத்தை"ன்னார். சுருக்னு இருந்துச்சு. யோசிச்சுப் பாத்தா மனுஷன் சொன்னது நிஜம். மெஷின்ல ஒரு விளக்கு எரியும். அதுல இருந்து ஒரே இடைவெளி, ஒரே வேகம், ஒரே உயரம். பந்தைப் பாக்காமலே விளக்கைப் பாத்து எண்ணிச் சுத்தினா போதும். என் உடம்பு அதைத்தான் கத்துக்கிட்டு இருந்திருக்கு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம இந்த மெஷின்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். 1897-ல பிரின்ஸ்டன்ல சார்லஸ் ஹின்டன்னு ஒரு கணித ஆசிரியர் வெடிமருந்து வெச்சு பேஸ்பால் வீசுற துப்பாக்கி ஒண்ணு செஞ்சார். பேட்டர்கள் பந்தை அடிக்கிறதை விட்டுட்டு அதைப் பாத்துப் பயந்தாங்க. பயப்படாம என்ன செய்வாங்க? (அவெஞ்சர்ஸ் படத்துல வருமே டெஸராக்ட், அந்த வார்த்தையை உருவாக்கினவரும் இவர்தான்.) அப்புறம் கை மாதிரி சுழண்டு வீசுற மெஷின், அதுக்கப்புறம் 1970-களில் ரெண்டு சக்கர மெஷின். இதோட கணக்கு நம்ம முதல் வருஷ மெக்கானிக்ஸ்தான். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல பந்து பிதுங்கி வெளிய வருது. ரெண்டோட விளிம்பு வேகத்துக்குச் சராசரிதான் பந்தோட வேகம். மேல் சக்கரம் வேகமா ஓடினா பந்து முன்பக்கமா சுழண்டு சட்டுனு இறங்கும். கீழ் சக்கரம் வேகமா ஓடினா பின்பக்கமா சுழண்டு, இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காம வரும். சக்கரங்களைச் சாய்ச்சு வெச்சா பக்கவாட்டுல வளையும்.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை. மெஷினுக்கு உடம்பு இல்ல. 95 மைல் வேகத்துல வர்ற பந்து பிட்சர் கையை விட்டு பேட்டரை அடைய சுமார் 0.4 விநாடிதான் ஆகும். மட்டையைச் சுத்துற நேரத்தைக் கழிச்சா முடிவெடுக்கக் கிடைக்கிறது ரொம்பக் கொஞ்சம்தான். அதனால நல்ல பேட்டர், பந்து கையை விட்டு வர்றதுக்கு முன்னாடியே படிக்க ஆரம்பிச்சிடுவார். தோள் எப்படித் திரும்புது, கை எந்த உயரத்துல வருது, எல்லாம் அவருக்குத் தகவல்.

இதுக்கு சாட்சி 2004-ல நடந்துச்சு. ஒரு காட்சி சாஃப்ட்பால் போட்டியில ஜென்னி ஃபின்ச்ங்கற பெண் பிட்சர், ஆல்பர்ட் புஹோல்ஸ், மைக் பியாசா மாதிரி மகா சூரர்களை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். (இது என்னோட சாது சாஃப்ட்பால் இல்ல, வேகமா வீசுறது.) மைல் கணக்குல பாத்தா அவங்க தினம் பாக்குற பந்தை விடக் குறைவு. வீசுற தூரமும் 43 அடிதான்கிறதால பேட்டருக்குக் கிடைக்கிற நேரம் என்னவோ கிட்டத்தட்ட அதேதான். ஆனா கைக்கு அடியில இருந்து அவ்வளவு வேகமா வர்ற பந்தை அவங்க அதுவரைக்கும் படிச்சதே இல்ல. புஹோல்ஸுக்கே அந்த கதின்னா நான் எந்த மூலைக்கு?

இங்க ஒரு சொந்த சோகம். அதே மாசம் ஆபிஸ்ல என் ப்ரோக்ராம் ஒண்ணு டெஸ்டிங்ல நூத்துக்கு நூறு வாங்கிட்டு, ப்ரொடக்‌ஷன்ல முதல் ராத்திரியே குப்புற விழுந்துச்சு. காரணம்? டெஸ்ட் டேட்டாவுல எல்லாருக்கும் அழகா முதல் பெயர், கடைசிப் பெயர் குடுத்திருந்தேன். நிஜத்துல ஒத்தைப் பெயர்க்காரங்க இருந்தாங்க. கொடுமை என்னன்னா, என் பாஸ்போர்ட்லயே கடைசிப் பெயர் கிடையாது! விசா, பேங்க், டிரைவிங் லைசென்ஸ்னு எல்லா இடத்துலயும் அதுக்காகப் பாடுபட்டவன் நான். நான் எழுதின டேட்டாவுல என்னை மாதிரி ஒருத்தன்கூட இல்ல. டேமேஜர் என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பலாமான்னு யோசிச்சதா காதுல விழுந்துச்சு. ரெண்டு வாரம் சோறு இறங்கல.

அதனாலதான் ட்ராஜெக்ட் ஆர்க் பத்திப் படிச்சப்போ நிமிர்ந்து உக்காந்தேன். கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துப் பசங்க ஆரம்பிச்ச கம்பெனியோட மெஷின். முன்னாடி பெரிய திரை. அதுல நாளைக்கு எதிர்ல வரப்போற அதே பிட்சரோட வீடியோ ஓடும். அவர் கை பந்தை விடுற அதே புள்ளியில இருந்து, அதே வேகத்துல, அதே சுழற்சியில நிஜப் பந்து வரும். பந்தோட தையல் எந்தப் பக்கம் திரும்பி இருக்கணும்கிறது வரைக்கும் கணக்கு. தகவல் எல்லாம் கேமராக்கள் குடுக்குறது. நம்ம கிரிக்கெட்ல எல்.பி.டபிள்யூ. காட்டுற அதே ஹாக்-ஐ, 2020-ல இருந்து மேஜர் லீக் மைதானங்களிலும் இருக்கு. 2021-ல சிகாகோ கப்ஸ் இந்த மெஷினைக் கொண்டு வந்து ஆரம்பிச்சு வெச்சாங்க. 2024-ல மேட்ச் நடக்கும்போதே உள்ள போயி இதுல பயிற்சி எடுக்கலாம்னு அனுமதியும் வந்துச்சு. அதாவது, டெஸ்ட் டேட்டாவைத் தூக்கிப் போட்டுட்டு ப்ரொடக்‌ஷன் டேட்டாவை அப்படியே கொண்டு வந்துட்டாங்க.

சரி, பேட்டர்கள் ஜெயிச்சாச்சான்னு கேட்டா, அதுவும் இல்ல. 2024-ல மொத்த லீக்கோட பேட்டிங் சராசரி .243 தான். பிட்சர்கள்கிட்டயும் கேமரா இருக்கு. ஒவ்வொரு விரலையும் படம் புடிச்சுப் பாத்துப் புதுப் பந்து கத்துக்கறாங்க. மெஷின் எவ்வளவு கெட்டிக்காரத்தனமா இருந்தாலும் அது காட்டுறது ஏற்கெனவே வீசின பந்தை. இன்னைக்கு அந்த ஆள் என்ன நினைச்சுக்கிட்டு வந்திருக்கார்னு அதுக்குத் தெரியாது. கோச்சுகள் இன்னமும் ஒரு வலைத் தடுப்புக்குப் பின்னாடி நின்னு, கிட்டத்துல இருந்து மெதுவா கையால பந்து போடுறதை நிறுத்தல.

என்னை ஊருக்கு அனுப்பல. டெஸ்ட் டேட்டாவை உக்காந்து திரும்ப எழுதினேன். ஒத்தைப் பெயர், ஒரே ஒரு எழுத்துல பெயர், பெயருக்கு நடுவுல கோடுன்னு எல்லா வில்லங்கத்தையும் சேர்த்தேன். முதல் வரியில என் பெயர்.

கேஜுக்குப் போறதைக் குறைச்சிட்டேன். வியாழக்கிழமை ஆபிஸ் முடிஞ்சதும் பெரியவர் பக்கத்துப் பார்க்ல எனக்குப் பந்து போடுவார். ஒரு வாளி நிறைய பந்து. ஒண்ணு மெதுவா, ஒண்ணு ரொம்ப மெதுவா, ஒண்ணு போடுற மாதிரி கையை ஆட்டிட்டு போடாம சிரிப்பார். நடுநடுவே தோளைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். "போதும் சார்"னு சொன்னா கேக்க மாட்டார். வாளி காலியானதும் ரெண்டு பேரும் சேர்ந்து புல்லுல தேடித் தேடிப் பொறுக்குவோம். அந்த நேரத்துலதான் அவர் பேரப்பிள்ளைங்க கதை சொல்லுவார். நான் எங்க ஊர்க் கதை சொல்லுவேன்.

போன மேட்ச்ல ரெண்டாவது பேஸ்காரர் தலைக்கு மேல ஒரு பந்து போச்சு. ஓடணும்னே தோணாம அதைப் பாத்துட்டு நின்னேன். "ஓடுப்பா!"ன்னு கத்தினது யாருன்னு நான் சொல்லணுமா என்ன?

பி.கு: ஓடினேன். அவுட் இல்ல. :-)